செசிலியா: 'பார்வையற்றவள்' சரியா, 'வானத்து லில்லி' சரியா?

நிலாமுற்றம்:

லத்தீனிலிருந்து வந்த பெண்பெயர்களுக்குப் பொருள் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பெயருக்கு இரண்டு வரி, அவ்வளவுதான். ஸ்டெல்லா, ரெஜினா, கிளாரா போன்றவை சிக்கலில்லாமல் முடிந்தன: விண்மீன், அரசி, ஒளிமிக்கவள். செசிலியாவில் வந்து நின்றுவிட்டது. பார்க்கிற பட்டியலில் எல்லாம் வெவ்வேறு பொருள். 'பார்வையற்றவள்' என்கிறது ஒன்று, 'வானத்து லில்லி' என்கிறது இன்னொன்று. 'பார்வையற்றோருக்கு வழி', 'இசைக்கு உரியவள்', 'சிசிலித் தீவைச் சேர்ந்தவள்' என்றும் போகிறது.

இவற்றில் வேர்ப்பொருள் எது, பிறகு வந்து ஒட்டியது எது? ஷீலா, சீலியா, செசில் மூன்றும் இதே பெயரின் வடிவங்கள்தானா? இரண்டு வரியில் எப்படி எழுதினால் தவறாகாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேரடி:

வேரில் 'பார்வையற்ற' என்ற சொல் இருக்கிறது. பெயரின் பொருள் 'பார்வையற்றவள்' ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு விகுதி இருக்கிறது. அதைப் பட்டியல்காரர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பார்வையற்ற என்பதற்கு லத்தீன் சொல் கைக்குஸ். பழைய ஐரிஷிலும் கோத்திக்கிலும் இதற்கு இனச்சொற்கள் உண்டு, இரண்டிலும் பொருள் 'ஒற்றைக்கண்'. உடலியலில் குருட்டுக்குடல் என்கிறோமே, ஒரு முனை அடைபட்ட அந்தக் குடற்பையின் லத்தீன் பெயரும் இதே சொல்லின் அஃறிணை வடிவம்தான். மண்புழு போலக் காலில்லாமல் மண்ணுக்குள் வாழும் ஒரு நீர்நிலவாழ் இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த பேரினப் பெயர் கைக்கிலியா. அதைப் பார்த்து மிரள வேண்டாம். லத்தீனில் கண் தெரியாததாகக் கருதப்பட்ட ஊர்வன ஒன்றுக்கு அந்தப் பெயர் முன்பே இருந்தது, அதை எடுத்து வைத்தார். பெண்ணின் பெயரை எடுத்துப் புழுவுக்கு வைக்கவில்லை.

இப்போது விகுதிக்கு வருவோம். கைக்குஸ் என்ற உரிச்சொல்லை அப்படியே பெண்பாலாக்கினால் 'கைக்கா' என்றுதான் வரும். கைக்கிலியா வராது. கைக்கிலியா என்பது கைக்கிலியுஸ் என்பதன் பெண்பால். கைக்கிலியுஸில் இருக்கும் '-இலியுஸ்' ரோமானியக் குலப்பெயர்களில் வரும் விகுதி. லூக்கியுஸ் என்ற ஆட்பெயரிலிருந்து லூக்கிலியுஸ், குவின்துஸிலிருந்து குவின்திலியுஸ், செர்வியுஸிலிருந்து செர்விலியுஸ். அதே அச்சில் கைக்குஸ், அல்லது அதன் சிறுமை வடிவமான கைக்குலுஸ், கைக்கிலியுஸ் ஆனது. 'கைக்குலுஸ் வழிவந்தோர்' என்பதுதான் அதன் சொல்லமைப்பு.

நம் இலக்கணத்தில் வைத்துச் சொன்னால் எளிது. கைக்குலுஸ் காரணப்பெயர்: யாரோ ஒருவனுக்குக் கண்ணைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். அவன் வழியில் வந்தவர்களுக்குக் கைக்கிலியுஸ் என்பது இடுகுறிப்பெயர். பேரன் பேத்திகளின் கண்ணுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

ரோமானியர்களே இதற்குக் கதை வைத்திருந்தார்கள். நெருப்புக் கடவுள் வுல்கானுஸின் மகன் கைக்குலுஸ். குழந்தையாக அடுப்பங்கரை நெருப்பருகே கண்டெடுக்கப்பட்டவன். கண் சிறுத்திருந்ததால் அந்தப் பெயர். வளர்ந்து பிரைனெஸ்தே நகரை நிறுவினான். அதுதான் இன்றைய பாலஸ்த்ரினா, ரோமுக்குக் கிழக்கே இருக்கிறது. கைக்கிலியுஸ் குலத்தார் தங்களை அவன் வழியினர் என்று சொல்லிக்கொண்டார்கள். திராயிலிருந்து ஐனேயாஸுடன் வந்த கைக்காஸ் என்பவன்தான் மூதாதை என்று வேறொரு கதையும் ஓடியது. இரண்டையும் ஃபெஸ்துஸின் சொல்லகராதி குறித்துவைத்திருக்கிறது. இவை வரலாறு அல்ல. ஆனால் குலப்பெயரைக் கேட்டதும் ரோமானியக் காதில் எந்தச் சொல் ஒலித்தது என்பதற்குச் சான்று.

'வானத்து லில்லி'க்குக் காலமும் ஆளும் தெரியும். 13ஆம் நூற்றாண்டில், 1260களை ஒட்டி, யாக்கோபுஸ் தெ வொராகினே என்ற டொமினிக்கன் துறவி புனிதர் வரலாறுகளைத் தொகுத்தார். 'பொன் வரலாறு' என்று பேர்பெற்ற நூல். ஒவ்வொரு புனிதருக்கும் முதலில் பெயர் விளக்கம் எழுதுவது அவர் வழக்கம். செசிலியாவுக்கு மட்டும் ஐந்து தருகிறார்: 'செலி லிலியா' என்று பிரித்து வானத்து லில்லி, 'செசிஸ் வியா' என்று பிரித்து பார்வையற்றோருக்கு வழி, வானம் என்ற சொல்லையும் லேயா என்ற பெயரையும் சேர்த்து ஒன்று, 'பார்வையின்மை இல்லாதவள்' என்று ஒன்று, வானத்தோடு மக்கள் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லைச் சேர்த்து ஒன்று. ஐந்தையும் அடுத்தடுத்து, 'அல்லது', 'அல்லது' என்று அடுக்குகிறார். ஒரே பெயருக்கு ஐந்து வேர் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் செய்தது பிரசங்கத்துக்கான சொல்விளையாட்டு. லில்லியின் வெண்மைக்குக் கன்னிமை, மணத்துக்கு நற்பெயர் என்று மேலே விரித்துக்கொண்டு போக அது வசதி. அந்த ஐந்தில் இரண்டை இன்றைய பட்டியல்கள் எடுத்து 'பொருள்' என்று போட்டுவிட்டன.

இந்த விளையாட்டு செவ்வியல் லத்தீனில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. 'கைலும்' (வானம்), 'கைக்குஸ்' இரண்டிலும் முதலில் ஈருயிர் ஒலி, அதாவது 'ஐ' போல இரண்டு உயிர் சேர்ந்த ஒலி; லில்லியில் 'லீ' நெடில், கைக்கிலியாவில் 'கி' குறில். இடைக்காலத்தில் ஈருயிர் 'எ' ஆகி, 'க' 'ச' ஆகி, நெடில் குறில் வேற்றுமையும் மங்கிய பிறகுதான் 'செலி லிலியா' என்பது 'செசிலியா'வுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

கல்வெட்டுப்பித்தன்:

வேரடி சொன்ன குலப்பெயர் விஷயத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். ரோமுக்கு வெளியே அப்பியா நெடுஞ்சாலையில் உருளை வடிவில் ஒரு பெரிய கல்லறை நிற்கிறது. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் இருப்பது மூன்றே வரி. தமிழ் எழுத்தில்:

கைக்கிலியை
கு · கிரேதிக்கி · ஃப்
மெதெல்லை · கிராஸ்ஸி

கைக்கிலியை, மெதெல்லை இரண்டும் நான்காம் வேற்றுமை: கைக்கிலியா மெதெல்லாவுக்கு. நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' போல ஒலிப்பதால் ஏமாந்துவிட வேண்டாம். நடுவரியில் 'கு' என்பது குவின்துஸின் சுருக்கம், 'ஃப்' என்பது மகள்: குவின்துஸ் கிரேதிக்குஸின் மகளுக்கு. கிராஸ்ஸி ஆறாம் வேற்றுமை: கிராஸ்ஸுஸின். மனைவி என்ற சொல் கல்லில் இல்லை, உடைமை வேற்றுமையோடு நிறுத்திவிட்டார்கள். தந்தை கி.மு. 69இல் கான்சல், அதாவது ரோமின் உயர் ஆட்சித் தலைவர்; கிரேத்தா தீவை வென்றதால் கிரேதிக்குஸ் என்ற பட்டம். கணவன், சீஸர் பொம்பேயுஸ் இருவரோடும் கூட்டுச் சேர்ந்த அந்தப் பெரும் பணக்காரக் கிராஸ்ஸுஸின் மகன் என்பது பொதுவான கருத்து.

கவனிக்க வேண்டியது, இந்தப் பெண்ணுக்குத் 'தன்' பெயர் என்று ஒன்று இல்லை. கைக்கிலியா என்பது குலம், மெதெல்லா என்பது குலத்துக்குள் கிளை. ரோமானிய ஆணுக்கு முற்பெயர், குலப்பெயர், கிளைப்பெயர் என்று மூன்று. பெண்ணுக்குக் குலப்பெயரின் பெண்பாலே பெயர். இரண்டு மகள்கள் இருந்தால் பெரியவள், சின்னவள். மேலும் இருந்தால் முதலாமவள், இரண்டாமவள், மூன்றாமவள் என்று எண் சேரும். திருமணமானாலும் குலப்பெயர் மாறாது. ஆகவே கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஒரு குழந்தைக்கு 'கைக்கிலியா என்று பெயர் வைப்போமா' என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தந்தை கைக்கிலியுஸ் என்றால் மகள் கைக்கிலியா, முடிந்தது.

பொருளைத் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. இந்தப் பெயர் இருந்தால் அந்தக் குலத்து ரத்தம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று தத்து. ரோமானியப் பேச்சாளர் கிக்கெரோவின் நண்பர் அத்திக்குஸ் பிறப்பால் பொம்போனியுஸ். தாய்மாமன் குவின்துஸ் கைக்கிலியுஸ் தம் உயிலில் அவரைத் தத்தெடுத்ததால் கி.மு. 58இல் அவர் கைக்கிலியுஸ் ஆனார். அவர் மகள்தான் வரலாற்றில் கைக்கிலியா அத்திக்கா. இன்னொன்று விடுதலை. அடிமையாக இருந்த பெண்ணை ஒரு கைக்கிலியுஸ் விடுவித்தால் அவளும் கைக்கிலியா ஆவாள். கல்வெட்டில் பெயருக்குப் பின் 'லி' என்பதற்கான ஒற்றை எழுத்து வந்தால் அவள் விடுவிக்கப்பட்டவள். 'ஃப்' வந்தால் பிறந்த மகள். அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் குலவரலாறு எழுதியவர்கள் நிறைய.

ஒரு சின்ன வேடிக்கை: அந்தக் கல்லறை நிற்கும் சாலையைக் கி.மு. 312இல் தொடங்கியவர் அப்பியுஸ் கிளௌதியுஸ் கைக்குஸ். அவருக்கு முதுமையில் பார்வை போனதால் அந்தப் பட்டம். ஆனால் அவர் கிளௌதியுஸ் குலம். கைக்குஸ் அவருக்குக் கடைசியில் ஒட்டிய பட்டப்பெயர் மட்டும். பட்டப்பெயரில் கைக்குஸ் இருப்பதும் குலப்பெயரில் அதன் வேர் இருப்பதும் வேறு வேறு. இவரைக் கைக்கிலியா குலத்தின் மூதாதை என்று எழுதிவிடாதீர்கள்.

பகல்விளக்கு:

எதற்கு இவ்வளவு சுற்று? மெதெல்லுஸ் ஒருவர் வெஸ்தா கோயில் தீப்பிடித்தபோது உள்ளே புகுந்து பல்லாதியும் என்ற புனிதச் சிலையைக் காப்பாற்றினார், அதில் கண்ணிழந்தார், அதனால்தான் கைக்கிலியுஸ் என்ற பெயர் வந்தது. இது பல இடங்களில் இருக்கிறதே.

வேரடி:

தேதியை வைத்துப் பாருங்கள், கழன்றுவிடும். கோயில் தீ கி.மு. 241இல். உள்ளே போனதாகச் சொல்லப்படும் லூக்கியுஸ் கைக்கிலியுஸ் மெதெல்லுஸ் அப்போது தலைமைக் குரு. அதற்கு முன்பே, கி.மு. 251இல், இதே பெயரோடு கான்சலாக இருந்திருக்கிறார். அவருக்கும் முன்னால் கி.மு. 284இல் லூக்கியுஸ் கைக்கிலியுஸ் மெதெல்லுஸ் தென்தேர் என்பவர் கான்சல். பெயர் தீக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே ஆட்சிப் பட்டியலில் இருக்கிறது. பெயரில் 'பார்வையற்ற' ஒலித்ததால் அந்தப் பெரியவருக்குக் கண்போன கதை ஒட்டியிருக்கலாமே தவிர, கதையிலிருந்து பெயர் வந்திருக்க வழியில்லை.

இதே மெதெல்லுஸ்தான் சிசிலியில் பனோர்முஸ் நகரருகே கார்த்தேஜ் படையை முறியடித்து யானைகளைப் பிடித்தவர். பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தார் அச்சிட்ட நாணயங்களில் யானை வருவது அதனால். சிசிலித் தீவோடு இந்தக் குலத்துக்கு உள்ள தொடர்பு இந்த வெற்றிதான். சொல் தொடர்பு எதுவும் இல்லை.

ஒலியன்:

சிசிலி விவகாரத்தை முடித்துவிடலாம். தீவின் பெயர் சிக்குலி என்ற பழங்குடியிலிருந்து சிக்கிலியா. முதல் அசை 'சி', ஆதியிலிருந்தே ச-ஒலி. பெண்பெயரின் முதல் அசை 'கை', ஆதியில் க-ஒலி. ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. ஆங்கிலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓசையில் வந்து விழுந்தன. தமிழில் எழுதும்போது இன்னும் மோசம்: தீவும் சிசிலி, பெண்ணும் சிசிலி. தமிழில் பிறந்த குழப்பம் என்று சொல்லலாம். பெண்பெயரைச் செசிலி, செசிலியா என்று எ-கரத்தில் எழுதினால் பிரிந்துவிடும், வரலாற்றுக்கும் அதுவே பக்கம்.

க-ஒலி இருந்தது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். கிரேக்கர்கள் இந்தக் குலப்பெயரைத் தங்கள் எழுத்தில் கைகிலியோஸ் என்றே எழுதினார்கள். அதில் வரும் காப்பா என்ற கிரேக்க எழுத்துக்கு ச-ஒலி கிடையாது. லத்தீன் கைசர் ஜெர்மனில் கைசராகவே தங்கியதும் இதே கதை. பிறகு லத்தீனில் முதலில் ஈருயிர் சுருங்கி 'எ' ஆனது. அப்புறம் எ, இ முன்னால் நின்ற 'க' நுனிநாக்குக்கு நழுவியது. நழுவிய இடம் நாட்டுக்கு நாடு வேறு. இத்தாலியர் செச்சீலியா என்பார்கள், அழுத்தமான 'ச்ச'. பிரெஞ்சில் செசீல், மெல்லிய 'ஸ'. ஸ்பெயினின் காஸ்தீலிய உச்சரிப்பில் இரண்டு ச-வும் பல்லிடை ஒலி, தெதீலியா போலக் கேட்கும். ஜெர்மனியர் த்செத்சீலியெ. சார்தீனியத் தீவில் மட்டும் பழைய க-ஒலி பல சொற்களில் விடாமல் நிற்கிறது. வானத்தை அங்கே இன்றும் 'கேலு' என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நடு அசை நீளுவதைக் கவனியுங்கள். லத்தீனில் அழுத்தம் 'கி' மேல் இருந்தது. அது பின்னால் சீ என்று நீண்டது. ஆங்கிலச் செசிலி மட்டும் அழுத்தத்தை முதல் அசைக்கு இழுத்துவிட்டது, அதனால் மீதி சுருங்கிப்போனது. நார்மானியர் வழியாக இங்கிலாந்துக்குப் போன பெயர் இது. வெற்றியாளர் வில்லியத்தின் மகள் ஒருத்தி செசிலியா, கான் நகர மடத்தின் தலைவியாக இருந்தவள். நான்காம் எட்வர்டு, மூன்றாம் ரிச்சர்டு இருவரின் தாய் செசிலி நெவில், 1415 முதல் 1495 வரை. சிஸ்லி என்ற குடும்பப்பெயரும் இதிலிருந்துதான்.

வடக்கே போகப் போக அடையாளமே தெரியாது. டேனிஷில் சிட்செல், நார்வேயில் சிஸ்ஸெல், சில்யெ, ஃபின்னிஷில் சில்யா. ஸ்லோவேனியாவில் சில்கா. இவற்றில் எதற்கும் 'பார்வையற்றவள்' என்று பொருள் போட்டால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

ஷீலா: பாதி ஆம். ஐரிஷில் செசிலியா 'ஷீலெ' ஆனது. இ-கரத்துக்கு முன் நிற்கும் ஐரிஷ் ச-ஒலி ஷ-வாகும் என்பதால். அதை ஆங்கிலத்தில் எழுதியதுதான் ஷீலா. ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் பெண் என்பதற்கே 'ஷீலா' என்பார்களே, அதுவும் இந்த ஐரிஷ் பெயர்தான். ஆனால் நமக்குப் பழக்கமான ஷீலா, சீலம் என்ற சொல்லின் வடமொழி மூலத்திலிருந்து வந்தது, நல்லொழுக்கம் உள்ளவள். ஓசை ஒன்று, வேர் இரண்டு. உங்கள் பட்டியலில் இரண்டு தனிப் பதிவாகப் போடுங்கள், ஒன்றுக்குள் இன்னொன்றைத் திணித்துவிட வேண்டாம்.

சீலியா: மூலத்தில் வேறு குலம். கைலியுஸ் என்ற குலப்பெயரின் பெண்பால் கைலியா. ரோமின் ஏழு குன்றுகளில் ஒன்றான கைலியன் குன்றுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் எத்ருஸ்கன் தலைவன் கைலியுஸ் விபென்னாவின் பெயரும் அந்தக் குடும்பம். ஆனால் ஆங்கிலேயர்கள் செசிலியாவைச் சுருக்கியும் சீலியா என்று கூப்பிட்டார்கள். ஆக ஒரு குறிப்பிட்ட சீலியா எந்தச் சீலியா என்பதை ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 'வானம்' என்ற பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு செலஸ்த் இருக்கிறது. அது கைலெஸ்திஸ், வானத்துக்குரிய என்ற சொல்லிலிருந்து நேராக வந்தது, சந்தேகமே இல்லை.

செசில்: இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் வில்லியம் செசிலின் குடும்பப்பெயர் வெல்ஷ் மொழிப் பெயர் ஒன்றின் திரிபு. செய்சில்த் என்பதுபோல் ஒலிக்கும். அதன் லத்தீன் மூலம் செக்ஸ்திலியுஸ், செக்ஸ்துஸ் என்றால் ஆறாவது. அந்தக் குடும்பப்பெயர்தான் பிறகு ஆண்குழந்தைகளுக்கு முதற்பெயராகப் பரவியது. கைக்கிலியுஸின் நேர் வாரிசு வேண்டுமானால் இத்தாலிய, ஸ்பானிய மொழிகளின் செசிலியோ. செசில், செசிலியா இரண்டையும் அண்ணன் தங்கை போலப் பக்கத்தில் போடுகிறவர்கள் ஆறையும் பார்வையின்மையையும் ஒன்றாக்குகிறார்கள்.

சமையல் மூலிகையில் 'ஸ்வீட் சிசிலி' என்று ஒன்று வரும். அது கிரேக்க 'செசெலி' என்ற செடிப்பெயர். பெண்பெயரின் சாயலில் எழுத்து மட்டும் மாறிப்போனது.

தாழ்வாரம்:

இசை பாக்கி இருக்கிறது. பெயருக்கும் இசைக்கும் சொல்வழி உறவு எதுவும் இல்லை. புனித செசிலியா வழியாக வந்தது. அதுவும் ஒரு சொற்றொடர் கழன்று விழுந்ததால் வந்தது.

5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவரது பாடுகளின் வரலாற்றில் திருமணக் காட்சி ஒன்று. 'இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருக்க, செசிலியா தன் உள்ளத்தில் ஆண்டவருக்கு மட்டுமே பாடினாள்' என்பது வாசகம். கருத்து, கல்யாண இசையில் அவருக்கு மனமில்லை. காதை மூடிக்கொண்டு உள்ளே வேண்டினார். இந்த வரி பிறகு வழிபாட்டுப் பல்லவியானபோது 'உள்ளத்தில்' என்பது விடுபட்டது. மிஞ்சியது: கருவிகள் முழங்க, செசிலியா பாடினாள். லத்தீனில் 'ஓர்கனும்' என்றால் எந்தக் கருவியும் ஆகலாம். காலப்போக்கில் அது குழலிசைப்பெட்டியான ஆர்கனை மட்டும் குறிக்கத் தொடங்கியதும், அவரே ஆர்கன் வாசித்துப் பாடியதாகப் படித்துக்கொண்டார்கள். இசைக்குப் புறமுதுகு காட்டியவர் இசைஞர்களின் காவலரானார்.

ரஃபேல் 1510களில் வரைந்த ஓவியம், இப்போது பொலோஞாவில் இருப்பது, பழைய பொருளை மறக்கவில்லை. அதில் செசிலியா கையில் சின்ன ஆர்கன் தலைகீழாகத் தொங்குகிறது, குழல்கள் நழுவி விழுகின்றன, காலடியில் உடைந்த கருவிகள் கிடக்கின்றன. அவர் பார்வை வானத்தில். ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. 1585இல் ரோமில் இசைஞர்களின் சபை அவரைக் காவலராகக் கொண்டது; இன்றைய சாந்தா செசிலியா இசைக் கழகத்தின் தொடக்கம் அதுதான். 1599இல் திராஸ்தேவெரே ஆலயத்தில் கல்லறை திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டு ஸ்தெஃபானோ மதேர்னோ படுத்திருக்கும் நிலையில் சிலை செதுக்கினார். லண்டனில் 1683 முதல் நவம்பர் 22ஆம் நாள், அவர் திருநாளில், புதிய இசைப்பாடல்கள் அரங்கேறின. முதலாண்டுக்கு இசையமைத்தவர் பர்செல்.

பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவ இசையைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. ரோமன் திருப்பலி மன்றாட்டில் ஏழு பெண் மறைசாட்சிகளை வரிசையாகச் சொல்வார்கள்: பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ், செசிலியா, அனஸ்தாசியா. பூசை கேட்ட ஒவ்வொரு காதிலும் விழுந்த பெயர். குலப்பெயராக இருந்தது தனிப்பெயராக மாறியதும் இந்தத் திருப்பத்தில்தான். அதற்குப் பிறகு செசிலியா என்று பெயர் வைத்தவர்கள் ஒரு புனிதரை நினைத்து வைத்தார்கள். கைக்குலுஸை யாரும் நினைக்கவில்லை.

வரிசையில் அவருக்கு இரண்டிடம் முன்னால் இருக்கும் லூசியா நேர்மாறு. ஒளி என்ற பொருள் பெயரிலேயே தெரிவதால் அவர் கண்நோய்க்குக் காவலரானார். கண்ணைத் தட்டில் ஏந்தி நிற்கும் படங்கள் அதனால். பெயர்ப்பொருள் வழிபாட்டை இழுத்துச் செல்வதும் உண்டு, செல்லாததும் உண்டு. செசிலியாவில் செல்லவில்லை.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதினால் சரியா?

'செசிலியா: ரோமானியக் கைக்கிலியுஸ் குலத்துப் பெண். குலப்பெயரின் வேர் பார்வையற்ற என்னும் பொருளுள்ள கைக்குஸ். வானத்து லில்லி என்பது 13ஆம் நூற்றாண்டு விளக்கம். இசைத் தொடர்பு புனித செசிலியா வழி வந்தது.'

அடுத்து கிளௌதியா, எமீலியா, போர்ஷியா. அவையும் இதே மாதிரிதானா?

கல்வெட்டுப்பித்தன்:

'குலத்துப் பெண்' என்பதைக் 'குலப்பெயரின் பெண்பால்' என்று மாற்றுங்கள். தத்துப் போனவரின் மகளும் விடுதலை பெற்றவளும் அப்போதுதான் அடங்குவார்கள். '13ஆம் நூற்றாண்டு விளக்கம்' என்பதில் 'சொல்விளையாட்டு' என்றே போடலாம், கூச்சம் வேண்டாம்.

வேரடி:

மூன்றும் குலப்பெயர்தான், அதனால் அதே முறை. முதலில் விகுதியைக் கழற்றி மூதாதையின் பட்டப்பெயரைத் தனியாக நிறுத்துங்கள். பிறகு செவ்வியல் எழுத்தில் முதல் அசை எப்படி இருந்தது என்று பாருங்கள். இன்றைய எழுத்தை நம்பினால் கைலியாவும் கைக்கிலியாவும் கலந்த மாதிரிக் கலந்துவிடும். காரணக்கதை ஏதும் இருந்தால் அதன் ஆண்டையும் பெயர் முதலில் தென்படும் ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிளௌதியாவின் வேர் கிளௌதுஸ், கால் ஊனமுற்ற. எமீலியா ஐமிலியுஸ் குலம். போட்டியிடுபவன் என்ற பொருளுள்ள ஐமுலுஸோடு ரோமானியர்களே இணைத்தார்கள். போர்ஷியாவின் பழைய எழுத்து போர்க்கியா, காத்தோவின் குலம், வேர் போர்க்குஸ்: பன்றி. இதற்குப் பட்டியல்களில் 'காணிக்கை' என்று மெருகேற்றியிருப்பார்கள், பார்த்து எடுங்கள்.